பயூமியின் அடங்காத பிரஷர்

அலெக்சாந்திரியாவில் ரம்ல் டிராமில் போய்வந்தவர்களுக்கு அதை ஓட்டுகிற, எல்லாரும் மரியாதையாக உஸ்தா என்று கூப்பிடும் பயூமியின் முகம் தெரியாமல் இருக்கலாம், குரல் தெரியாமல் இருக்காது. தண்டவாளத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு சிகரெட் வாங்கப் போகிறவனை அவர் பிடித்துக்கொண்டால் கடைசிப் பெட்டியில் தூங்குகிறவரும் எழுந்து உட்கார்ந்து கேட்பார். அதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இருக்காது. "வா ராசா, காரை அப்படியே உள்ள ஏத்திடு, அதுக்கும் சேத்து ஒரு டிக்கெட் கிழிச்சுடறேன்" என்பார். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓட்டினார். பெண்டாட்டியோடு வாழ்ந்ததைவிட வண்டியோடு வாழ்ந்ததுதான் அதிகம் என்று அவர் மனைவி இன்ஷிராஹே சொல்வாள். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, வீடு அமைதியாக இருந்தது.

ஐம்பத்தைந்தாவது வயதில், வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் மாட்டிக்கொண்டார். பிரஷர் மேலே நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. டிராம் நிர்வாகத்தின் மருத்துவக் குழு டாக்டர் மூன்று தரம் பார்த்தார், மூன்று தரமும் அதேதான். முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிறபோது உனக்குப் பக்கவாதம் வந்தால் அவர்கள் கதி என்ன என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததுதான் பயூமிக்குப் பெரிய கோபம்.

ஒன்றரை வருஷம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் பிரஷர் நூற்று நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் கீழே வந்தால் மறுபடியும் வண்டி. வராவிட்டால் ஓய்வு பெறும்வரை பணிமனையில் தொலைந்த பொருள் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த அறையில் குடைகள், பள்ளிக்கூடப் பைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ புன்னகையோடு விட்டுப்போன ஒரு பல்செட் எல்லாம் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரியும், வண்டி தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும். வளைவில் பிரேக் கிறீச்சிடுவதை வைத்தே ஓட்டுவது யார் என்று பயூமி சொல்லிவிடுவார். மத்தியானத்துக்குள் பத்துப் பேரைக் குறை சொல்லி முடித்துவிட்டு, மீதி நாளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பல்செட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் ஐந்து மாத்திரை. உப்பில்லாத பீன்ஸ், உப்பில்லாத மீன், உப்பில்லாத சூப். இன்ஷிராஹ் உப்பு டப்பாவையே கல்யாணமான மகள் ஷுரூக்கின் வீட்டுக்கு நாடு கடத்திவிட்டாள். அப்படியும் பிரஷர் நூற்று எண்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது. அப்படியானால் என்ன அர்த்தம்? மனிதன் திருடித் தின்கிறான் என்று அர்த்தம். அவர்கள் குடியிருந்த கட்டிடத்தில் எல்லாரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள்.

"கையைக் காட்டு" என்பாள் இன்ஷிராஹ், அவர் வாசலில் நுழையும்போதே. விரல்களை மோந்து பார்ப்பாள்.

"என்ன வாசனை வருது?"

"ஒண்ணும் வரல. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்திருக்கே. ஒண்ணும் திங்காதவன் எதுக்கய்யா சோப்புப் போட்டான்?"

"சத்தியமா சொல்றேன், ஊறுகா என் நாக்குல பட்டு வருஷமாச்சு."

கீழ் வீட்டு உம்மு லுத்ஃபி படிக்கட்டில் நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்வாள். "என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாரு, அல்லா அவர் மேல இரக்கம் காட்டட்டும். அவர் போனப்புறம் பரண்ல பார்த்தா ரெண்டு ஜாடி எலுமிச்சை ஊறுகா."

பயூமிக்கு வண்டி போனது ஒரு வேதனை. செய்யாத திருட்டுக்குத் தினமும் கை நீட்டிச் சோதனை கொடுப்பது அதைவிடப் பெரிய வேதனை. சில நாள் உண்மையாகவே ஒரு ஊறுகாயைத் தின்றுவிட்டாலாவது திட்டு வாங்கியதற்கு ஒரு பொருள் இருக்கும் என்று தோன்றும். ஆனாலும் தின்றதில்லை. அவருக்கு வண்டி வேண்டியிருந்தது.

தவணையில் ஒரு வருஷம் ஓடிப்போனது. ஷுரூக்தான் எங்கெங்கோ விசாரித்து அவரை டாக்டர் ஹாலாவிடம் கூட்டிப்போனாள். குட்டையான, வேகமாகப் பேசுகிற இதய டாக்டர். அவளும் முதலில் சந்தேகப்படத்தான் செய்தாள். ஆனால் சந்தேகப்பட்ட மற்றவர்களைப் போலத் திட்டவில்லை, சோதித்துப் பார்த்தாள். நான்கு நாள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. தினமும் காலையில் நர்ஸ் முன்னால் ஐந்து மாத்திரையையும் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். சிறுநீரில் எவ்வளவு உப்புப் போகிறதென்று பார்த்தார்கள். கடைசி நாள் கையில் பட்டையைக் கட்டி அனுப்பினார்கள், அது இருபத்துநாலு மணி நேரமும் தானாக உப்பி உப்பிப் பிரஷரை எழுதிக்கொண்டது. தூக்கத்திலும் விடவில்லை.

முடிவு வந்தபோது டாக்டர் ஹாலா இன்ஷிராஹைப் பார்த்துத்தான் பேசினாள். "உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலைம்மா. மாத்திரையும் ஒழுங்கா சாப்பிடறார், உப்பையும் தொடறதில்ல. இவருக்கு இருக்கறது எதுக்கும் அடங்காத பிரஷர். தப்பு இவர் மேல இல்ல."

பயூமி அந்தக் காகிதத்தை வாங்கி மூன்று பிரதி எடுத்தார். ஒன்றை உம்மு லுத்ஃபியின் கதவில் ஒட்டினார். ஒன்றைப் பணிமனையில் கொடுத்தார். ஒன்றை இன்ஷிராஹ் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னய்யா அப்படிப் பார்க்கறே?"

"மன்னிப்புக் கேப்பேன்னு பார்க்கறேன்."

"விரலை மோந்ததுக்கா? வேற யாரய்யா உன் விரலை மோந்து பார்ப்பா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள். அன்று மத்தியானம் கோழி இருந்தது. உப்பில்லைதான், ஆனால் முழுக்கோழி. இன்ஷிராஹ் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

டாக்டர் ஹாலா கடைசி வழி ஒன்று வைத்திருந்தாள். ஒரு காகிதத்தில் இரண்டு சிறுநீரகத்தையும் வரைந்து காட்டினாள். "உஸ்தா, இந்த ரத்தக்குழாயைச் சுத்தி மெல்லிசா நரம்பு ஓடுது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவுல சேதி கொண்டுபோறது அதுதான். உங்களுக்கு அது ஓயாம கத்திக்கிட்டே இருக்கு, உப்பைப் பிடிச்சு வை, குழாயை இறுக்குன்னு. தொடை வழியா ஒரு மெல்லிய குழாயை விட்டு, உள்ளேயிருந்தே சூடு காட்டி அந்த நரம்பை அடக்கிடலாம்."

பயூமி டிராம்காரர். அவருக்கு வேறு கவலை. "கம்பியை அறுத்தா வண்டி நின்னுடுமே டாக்டரம்மா?"

"இது கரண்டுக் கம்பி இல்ல உஸ்தா. வண்டியில ஒருத்தன் காரணமே இல்லாம மணியடிச்சுக்கிட்டே இருக்கான்னு வச்சுக்குங்க. அவன் கையைத்தான் பிடிக்கப்போறோம். வண்டி பாட்டுக்கு ஓடும்."

"அந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும். தினமும் ஏறுவான்."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி குறையறதில்ல. சிலருக்கு நிறையக் குறையும், சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு ஒண்ணுமே ஆகாது. குறைஞ்சாலும் உடனே குறையாது, மாசக் கணக்காகும். மாத்திரையையும் அடியோட நிறுத்த முடியாது."

பயூமி கணக்குப் போட்டார். தவணை முடிய ஆறு மாதம் இருந்தது. சரி என்றார்.

அக்டோபரில் நடந்தது. ஒரு மணி நேர வேலை. மயக்கம் பாதிதான், அரைத்தூக்கத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் முதுகுக்குள் ஆழத்தில் ஒரு வலி எழுந்து அடங்கும். பல்லைக் கடிக்க வேண்டாம், பேசுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். பேசச் சொன்னால் பயூமிக்கு வேறென்ன தெரியும்? ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். "இப்ராஹிமிய்யா. இறங்கறவங்க இறங்குங்க." அடுத்த சூடு. "ஸ்போர்ட்டிங். அம்மா, கூடையை நகத்துங்க." இடது பக்கம் முடிந்து வலது பக்கம் போகும்போது கிளியோபாட்ரா தாண்டியிருந்தார். கடைசிச் சூட்டுக்கு சீதி காபிர் வந்துவிட்டது. அங்கே நிறைய நேரம் நிற்கும் என்று அவர் அறிவித்தபோது டாக்டர் ஹாலா முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே குழாயை வெளியே எடுத்தாள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். தொடையில் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான்.

கட்டிடமே காத்திருந்தது. எங்கள் ஊரில் பிரஷர் ஒருவரின் சொந்த விஷயம் கிடையாது. கீழே மருந்துக்கடை வைத்திருக்கும், எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிடும் கிரல்லோஸ் பட்டையைக் கட்டும்போது வாசலில் நான்கு பேராவது நின்று எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். முதல் வாரம் நூற்று எண்பத்தாறு. மூன்றாவது வாரம் நூற்று எண்பத்துநாலு.

"தொடையில ஓட்டை போட்டதுதான் மிச்சம்" என்றாள் உம்மு லுத்ஃபி.

பயூமி தொலைந்த பொருள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டு, தானும் அங்கே யாரோ விட்டுப்போன ஒரு சாமான்தான் என்று நினைத்துக்கொண்டார். அந்த நவம்பர் மாதம் அவருக்கு ரொம்பக் கெட்ட மாதம்.

டிசம்பரில் நூற்று எழுபது வந்தது. கிரல்லோஸ் நம்பாமல் மறுபடி பார்த்தான். ஜனவரியில் நூற்று அறுபத்திரண்டு, டாக்டர் ஹாலா ஒரு மாத்திரையை நிறுத்தினாள். மார்ச் பிறந்தபோது நூற்று நாற்பத்தைந்து. எல்லைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அது ஒரு நாள் ஏறியது, ஒரு நாள் இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தில் இன்ஷிராஹ் சொந்தமாக ஒரு கருவி வாங்கி, தினமும் ஏழு தரம் பட்டை கட்ட ஆரம்பித்தாள். கடைசியில் டாக்டரே தடுத்துவிட்டாள். பார்க்கப் பார்க்கப் பதற்றம்தான் கூடும், இனிப் பரிசோதனை நாள் வரைக்கும் பட்டையைத் தொடாதீர்கள் என்றாள். இன்ஷிராஹ் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் கருவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் திரிந்தாள்.

மருத்துவக் குழு குறித்த தேதி, ஷம்மன்னசீம் பண்டிகைக்கு மறுநாளாக அமைந்தது. வசந்தம் வந்துவிட்டதென்று ஊரே பாயைச் சுருட்டிக்கொண்டு புல்வெளிக்கும் கடற்கரைக்கும் போகிற நாள். முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லார் மடியிலும் ஃபசீக் இருக்கும். மீனை உப்பில் புதைத்து, நாற்றம் எடுத்துப் பக்குவம் ஆகும்வரை வைத்திருந்து, பச்சை வெங்காயத்தோடு தின்பது. அதைப்போல உப்பு கடலிலும் இல்லை.

கட்டிடத்துக் குடும்பங்கள் எல்லாம் கடலோரத்தில் ஒரே இடத்தில் பாய் விரித்தன. பயூமி முன்னால் மட்டும் சாயம் பூசிய முட்டை, கீரை, தயிர். அவர் முட்டையை உரித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பாயில் ஒரு பையன் அடித்த பந்து வந்து அவர் தயிர்க் கிண்ணத்திலேயே விழுந்தது. சட்டையெல்லாம் தயிர். எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார்கள்.

"பரவால்ல கண்ணு" என்றார் பயூமி. பந்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

இன்ஷிராஹ் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஏ மனுசா, உனக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. என்னமோ, நல்லா இருக்கு. உள்ள சத்தமே இல்லாம இருக்கு. லேசா இருக்கு."

லேசா இருக்கு என்பது மயங்கி விழப்போகிறவன் சொல்கிற வார்த்தை என்று அவள் நினைத்தாள். பைக்குள்ளிருந்து கருவியை எடுத்துக் கட்டினாள். அது உப்பியது, இறங்கியது, நின்றது. நூற்றுப் பதினெட்டு, கீழே எழுபத்தாறு.

நூற்றிருபதுக்குக் கீழே ஒரு எண்ணை அவள் அந்தக் கையில் பார்த்ததே இல்லை. "பிரஷர் விழுந்துடுச்சு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் நான்கு பாய்க்கும் கேட்டுவிட்டது.

எங்கள் ஊரில் பிரஷர் விழுந்தவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். உப்புக் கொடுக்க வேண்டும். இருக்கிற உப்பையெல்லாம் சீக்கிரமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கித் தலையணை மேல் போட்டார்கள். உம்மு லுத்ஃபி, வருஷக் கணக்காக மண்பானையில் கிடந்த பழைய உப்புப் பாலாடைக்கட்டியை ரொட்டியில் அள்ளி அவர் வாய்க்குள் திணித்தாள். "முழுங்கு தம்பி, முழுங்கு. நெஞ்சு நின்னுடும், சீக்கிரம்." பின்னாலேயே எலுமிச்சை ஊறுகாய் வந்தது. ஒன்று, இரண்டு, நான்கு. விரலை மோந்து மோந்து காவல் காத்த இன்ஷிராஹ், தன் கையாலேயே முள் நீக்கி ஃபசீக் ஊட்டினாள்.

பயூமிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. சாகிறவனுக்கு இவ்வளவு நன்றாக இருக்குமா என்று. ஆனால் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நாக்கில் ஃபசீக் இறங்கிக்கொண்டிருக்கும்போது எந்த மனிதன் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வான்? கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து இன்ஷிராஹ் இன்னும் பயந்துபோய் இன்னொரு துண்டு ஊட்டினாள்.

"வெங்காயம்" என்றார் அவர் பலவீனமான குரலில். "கூட ஒரு வெங்காயம் இருந்தா..."

பாதி மீன் முடிந்தபோதுதான் கிரல்லோஸ் வந்து சேர்ந்தான். கடையைப் பூட்டிவிட்டுக் குழந்தைகளோடு வந்தவனை, ஊசி போடச் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் குனிந்து கருவியில் நின்ற எண்ணைப் படித்தான். பிறகு உம்மு லுத்ஃபியின் கையிலிருந்த பானையைப் பார்த்தான்.

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"கொஞ்சம்தான் டாக்டர். இப்பத்தான் முகத்துல ரத்தம் வருது" என்றாள் உம்மு லுத்ஃபி.

"அம்மா, இது நல்ல பிரஷர். எனக்கும் நூத்திப் பதினெட்டுதான். என் பொண்டாட்டிக்கும் அதேதான். ஆரோக்கியமா இருக்கறவனுக்கு இப்படித்தான் இருக்கும். இவர் விழலை, இவர் குணமாயிட்டார்."

இன்ஷிராஹ் தன் விரல்களைப் பார்த்தாள். மீன் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பரிசோதனை. பயூமி தலையணையிலிருந்து காலை இறக்கினார்.

அதற்குப் பிறகு எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். ஒருவர் குளிர்ந்த செம்பருத்திச் சாறு கொண்டுவந்தார், ஒருவர் பூண்டு, ஒருவர் விரலைத் தொண்டையில் விட்டு வாந்தி எடுக்கச் சொன்னார். கிரல்லோஸ் எல்லாரையும் விரட்டிவிட்டு டாக்டர் ஹாலாவைத் தொலைபேசியில் பிடித்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "இனிமே ஒண்ணும் கொடுக்காதீங்க. தண்ணி குடிக்கட்டும், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கட்டும், நேரத்தோட தூங்கட்டும். ஒரு மீனைத் தின்னதால நரம்பு திரும்ப முளைச்சுடாது" என்றாள். ஆனால் நாளைக்கு எண் எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு, அது எனக்கும் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

இன்ஷிராஹ் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதாள். "என் கையாலயே ஊட்டிக் கெடுத்தேனே. உன் வண்டியை நானே முழுங்க வச்சுட்டேனே."

"ருசியா இருந்துச்சுடி" என்றார் பயூமி. அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார், ஆனாலும் அது உண்மை.

மறுநாள் மருத்துவக் குழுவின் அறைக்கு வெளியே ஓட்டுநர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இன்ஷிராஹ் சுவரோரம் நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். உள்ளே அதே டாக்டர்தான், அன்று வண்டியைப் பிடுங்கியவர். ஐந்து நிமிஷ இடைவெளியில் மூன்று தரம் பார்த்து, சராசரி எடுப்பது விதி.

முதல் தரம் நூற்று நாற்பத்துநாலு.

டாக்டர் பட்டையை அவிழ்க்காமல் மூக்கைச் சுளித்தார். அந்த மீனின் வாசனை எத்தனை சோப்புக்கும் அசையாது. "நேத்து ஃபசீக் சாப்பிட்டியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த வாசனை ஊரில் இன்றைக்கு யார் கையில்தான் இல்லை? ஆனால் ஒரு வருஷமாகச் செய்யாத திருட்டுக்குத் திட்டு வாங்கியவர் பயூமி. கடைசியில் நான் பொய் சொல்லாதவன் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் காகிதத்தின் மேலேயே பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"பாதி மீன், ஐயா. நாலு எலுமிச்சை ஊறுகா. பழைய பாலாடைக்கட்டி எவ்வளவுன்னு தெரியல, ஊட்டி விட்டாங்க." நடந்தது அனைத்தையும் சொன்னார். காலைத் தூக்கி வைத்தது, வெங்காயம் கேட்டது வரைக்கும்.

டாக்டர் இரண்டாவது தரம் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு. மூன்றாவது தரம் நூற்று முப்பத்தாறு. கீழ் எண் மூன்று தரமும் தொண்ணூறுக்குள்ளேயே இருந்தது. காகிதத்தின் ஓரத்தில் கூட்டி, மூன்றால் வகுத்தார். இரண்டு தரம் வகுத்துப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்தொம்பது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "பாதி ஃபசீக்கைத் தின்னுட்டு வந்து நூத்தி முப்பத்தொம்பதா? நான் ஒரு துண்டு தின்னதுக்கே இன்னைக்குக் காலையில நூத்தி அறுபது. உன்னைவிடத் தகுதியானவன் இந்தக் கட்டிடத்துலயே இல்லய்யா. மூணு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டிட்டுப் போ."

முத்திரையைக் குத்தினார்.

பயூமி வெளியே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். வாய் திறந்தால் ஊரே கேட்கிற மனிதருக்கு, அன்று பெண்டாட்டியின் முன்னால் நின்றபோது குரலே எழும்பவில்லை.

இன்ஷிராஹ் அவர் முகத்தைப் பார்த்தாள். தப்பாகப் புரிந்துகொண்டாள். "போகட்டும் விடு" என்றாள். "நீ உசிரோட இருக்கே, எனக்கு அது போதும். வண்டி நாசமாப் போகட்டும்."

"வியாழக்கிழமை" என்றார் பயூமி. "வியாழக்கிழமை, முதல் வண்டி. காலையில அஞ்சு மணிக்கு."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்புறம் அந்த வராந்தாவிலேயே, பாதிச் சட்டை கழற்றி உட்கார்ந்திருந்த இருபது ஓட்டுநர்களின் நடுவே, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். மகள் கல்யாணத்தில்கூட அவள் அப்படி விட்டதில்லை. ஓட்டுநர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பயூமி அவளைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பார்க்க, வெட்கமே இல்லாமல் அழுதார்.